வண்டி நிரம்பினால் போதுமா? சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் சொல்லும் கணக்கு



கடையில் கூட்டம் நிற்கிறது. கல்லாவில் பணம் புரள்கிறது. ஆனால் ஆண்டு முடிவில் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த நிலை நம் உறுப்பினர்களில் பலருக்குப் புதிதல்ல. "விற்பனை நன்றாகத்தானே நடந்தது, பணம் எங்கே போயிற்று?" என்ற கேள்விக்கு விடை தேடும்போது, நம் தொழிலுக்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு தொழிலைப் பார்ப்பது உதவும். நம் கடை மீது நமக்குள்ள பழக்கமும் பாசமும் அங்கே குறுக்கே வராது. கணக்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு தொழிலை இந்தப் பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம். அது நீண்ட தூர விமான சேவை. கோடிக்கணக்கில் முதல் போட்டு நடத்தும் அந்தத் தொழிலுக்கும் நம் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மொத்த வியாபாரிகள் சுற்றுவட்டார ஊர்களுக்கு லைன் வண்டி அனுப்புகிறோம் அல்லவா? விமான வழித்தடம் என்பதும் ஒரு லைன்தான். வண்டி பெரிது, தூரம் பெரிது, அவ்வளவே. எந்த லைன் கட்டுப்படியாகும், எது ஆகாது என்பதைத் தீர்மானிக்கும் காரணங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா வெளியிடும் கணக்கைப் பார்த்தால் ஓர் உண்மை புரியும். 2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் விமான இருக்கைகளில் சராசரியாக 83.5 சதவீதம் நிரம்பின. அதுவரை இல்லாத அளவு அது. அந்த நல்ல ஆண்டிலேயே ஒரு பயணிக்கு நிறுவனங்களுக்கு மிஞ்சிய நிகர இலாபம் சுமார் 6 முதல் 7 டாலர்தான். அரிசி, சர்க்கரை விற்கும் நமக்கு இந்த மெல்லிய இலாபம் பழக்கமானதே. இவ்வளவு மெல்லிய இலாபத்தில் எதைச் சரியாகச் செய்தால் ஒரு வழித்தடம் நிற்கிறது, எதைத் தவறவிட்டால் விழுகிறது என்பதே நம் பாடம்.

ஒரே வழி, இரண்டு முடிவுகள்

இதற்கு நல்ல உதாரணம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பகுதிக்கு நடத்தும் நேரடி விமானம். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். வழியில் எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 18½ மணி நேரம் பறக்க வேண்டும். உலகின் மிக நீண்ட பயணிகள் சேவைகளில் இது ஒன்று.

இந்தச் சேவை முதலில் 2004 ஜூன் 28 அன்று தொடங்கியது. நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள நியூவார்க் விமான நிலையத்திற்கு, ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு எஞ்சின் விமானம் பறந்தது. முந்நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய அந்த விமானத்தில் 181 இருக்கைகள் மட்டுமே அமைத்தார்கள். 2008இல் அதையும் மாற்றி, பிசினஸ் கிளாஸ் மட்டும் கொண்ட 100 இருக்கைகளாகக் குறைத்தார்கள். ஆனாலும் 2013 நவம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த 5 விமானங்களையும், புதிய விமானங்களுக்கான ஒப்பந்தத்தின் பகுதியாக, தயாரித்த ஏர்பஸ் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2018 அக்டோபர் 11 அன்று அதே நிறுவனம், அதே இரு ஊர்களுக்கு இடையே, அதே நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியது. இம்முறை ஏ350-900 யூ.எல்.ஆர். என்ற இரண்டு எஞ்சின் விமானம். இருக்கைகள் 161: பிசினஸ் கிளாஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பு கிடையாது. கொரோனாக் காலத்தில் இடைவெளி விழுந்தபோதிலும் இந்த நேரடித் தொடர்பு மீண்டு வந்து, இன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கும் நியூவார்க்கிற்கும் நடந்து வருகிறது.

ஊர் மாறவில்லை. தூரம் குறையவில்லை. பெயரும் கொடியும் அதேதான். ஒருமுறை கட்டுப்படியாகாதது மறுமுறை எப்படிக் கட்டுப்படியாயிற்று?

சுமையைச் சுமக்கும் செலவு

முதல் காரணம் எரிபொருள். விமான நிறுவனங்களின் மொத்தச் செலவில் எரிபொருள் மட்டும் காலத்திற்கேற்ப நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விழுங்கிவிடுகிறது. நீண்ட தூர வழித்தடத்தில் இந்தப் பங்கு இன்னும் கூடும்.

அதற்குக் காரணத்தை லாரியை வைத்து எளிதாகப் புரிந்துகொள்ளலாம். வழியில் பங்க்கே இல்லாத ஒரு சாலையில் நம் லாரி போகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேரும் வரைக்கும் வேண்டிய டீசல் முழுவதையும் புறப்படும்போதே பீப்பாய்களில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பீப்பாய்களின் எடையை இழுக்கவும் டீசல் செலவாகும். அந்தக் கூடுதல் டீசலுக்கும் பீப்பாய் வேண்டும். தூரம் கூடக் கூட, சரக்குக்கு இடம் குறைந்து, பீப்பாய்க்கே இடம் போய்விடும்.

விமானத்தில் நடப்பதும் இதுதான். கூடுதலாக ஏற்றும் எந்த எடைக்கும், அந்த எடையில் சுமார் 3, 4 சதவீத அளவு எரிபொருள் மணிக்கு மணி செலவாகும் என்பது அத்துறையினரின் பொதுவான கணக்கு. 18 மணி நேரப் பயணத்தில் இது எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். புதிய ஏ350-900 யூ.எல்.ஆர். விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை சுமார் 130 டன். விமானம் அதிகபட்சம் 280 டன் எடையோடுதான் புறப்படலாம். ஆக, டாங்கி நிரம்பினால் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருளே. மீதிப் பாதியில்தான் விமானம், பயணிகள், மூட்டை முடிச்சு, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும்.

பழைய ஏ340-500 இதைவிடப் பசி மிகுந்தது. அதன் டாங்கி 2 லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும். புறப்படும் எடை 370 டன்னுக்கு மேல். கடைசி ஐந்து ஆண்டுகள் அத்தனை பெரிய வண்டி ஏற்றிச் சென்றது நூறு பேரை. புதிய விமானம் எடையில் குறைந்தது. உடலில் பாதிக்கு மேல் கார்பன் இழை கலந்த இலேசான பொருளால் ஆனது. முந்தைய தலைமுறை விமானங்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாக எரிபொருள் குடிக்கும் என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். அது 161 பேரை ஏற்றிச் செல்கிறது. குறைந்த செலவை அதிகத் தலைகளுக்குப் பங்கிடுகிறோம் என்றால், ஒரு தலைக்கு விழும் செலவு எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதை வணிகர்களாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாயங்காலத்துக் கீரை

இரண்டாவது, விற்கும் பொருளின் தன்மை. விமான நிறுவனம் விற்பது இருக்கையை அல்ல. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் உள்ள இடத்தை. துவரம் பருப்பு இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். கீரைக்கட்டு சாயங்காலத்திற்குள் விற்றாக வேண்டும். விமான இருக்கை கீரையைவிட மோசம். கதவைச் சாத்திய மறுநிமிடம் அதன் விலை பூஜ்யம்.

அப்படியானால் கடைசி நேரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. கடைசி நேரத்தில் விலை இறங்கும் என்று வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டால், முழு விலை கொடுக்கக் கூடியவர்களும் காத்திருக்கத் தொடங்குவார்கள்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டால். 1980களில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனம் மிகக் குறைந்த கட்டணத்தில் பறந்து பெரிய நிறுவனங்களைத் திணறடித்தது. 1985இல் கிராண்டால் பதிலடி கொடுத்தார். எல்லா இருக்கைகளுக்கும் விலையைக் குறைக்கவில்லை. எப்படியும் காலியாகப் போகும் என்று கணக்கிட்ட இருக்கைகளுக்கு மட்டும், பல நாள் முன்பே பணம் கட்டுவோருக்கு மட்டும், போட்டியாளரின் விலைக்கே கொடுத்தார். கடைசி நேரத்தில் வரும் வியாபாரப் பயணிகளுக்கான இருக்கைகளை முழு விலைக்கே வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் மலிவாக விற்ற பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1986இல் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 1987இல் காண்டினென்டல் ஏர்லைன்சோடு இணைந்து மறைந்தது.

பக்கத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததும் எல்லாப் பொருளுக்கும் விலையைக் குறைத்துப் பார்க்கும் நம் உறுப்பினர்கள் இந்தச் செய்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

அலமாரியில் எதை அடுக்குவது?

மூன்றாவது காரணத்தை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். இருக்கிற இடத்தில் எந்தச் சரக்கை அடுக்குவது?

பாங்காக்கிலிருந்து தாய் ஏர்வேஸ் நிறுவனமும் 2005 மே மாதம் நியூயார்க்கிற்கு நேரடி விமானம் விட்டது. அதே ஏ340-500 விமானம்தான். ஆனால் இருக்கைகள் 200க்கு மேல். அவற்றில் பாதிக்கு மேல் சாதாரண எகானமி. விமானத்தில் கூட்டத்திற்குக் குறைவில்லை. இருந்தும் இலாபம் வரவில்லை. மூன்று ஆண்டுகளில், கச்சா எண்ணெய் விலை உச்சத்தில் நின்ற 2008 ஜூலையில், சேவையை நிறுத்தினார்கள். பாங்காக்கிற்குப் போகிறவர்களில் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகள். வழியில் ஒரு நிறுத்தத்தோடு மலிவாகப் போக முடியும் என்றால் அவர்கள் அதையே தேர்ந்தெடுப்பார்கள். நேரடியாகப் போகும் வசதிக்குக் கூடுதல் பணம் தர அவர்களில் பலருக்கு மனமில்லை. வண்டி நிரம்பியது, பை நிரம்பவில்லை.

சிங்கப்பூரிலும் நியூயார்க்கிலும் வங்கிகள், முதலீட்டு நிறுவனங்கள், கப்பல் கம்பெனிகள், சட்ட ஆலோசகர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பணத்தைவிட நேரம் பெரிது. டிக்கெட் செலவைப் பெரும்பாலும் அவர்களுடைய கம்பெனி ஏற்கிறது. சில மணி நேரம் மிச்சமாகி, நடு இரவில் வேறொரு விமான நிலையத்தில் இறங்கி ஏறும் தொல்லையும் இல்லை என்றால், கூடுதல் விலை கொடுக்கத் தயங்க மாட்டார்கள். நேரடி விமானம் இவர்களுக்கான சரக்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த சரக்கை மட்டும் அடுக்குவதும் தீர்வல்ல. 2008 முதல் 2013 வரை நூறு இருக்கையும் பிசினஸ் கிளாஸ்தான். அத்தனை விலை உயர்ந்த இருக்கைகளை ஆண்டு முழுவதும், வாரத்தின் எல்லா நாளும் நிரப்புவது எளிதல்ல. விடுமுறைக் காலத்தில் வியாபாரப் பயணிகள் குறைவார்கள். 2018இல் இதற்கு நடுவழி கண்டார்கள். சொந்தப் பணத்தில் பயணம் செய்தாலும் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துக் கால் நீட்டி உட்கார விரும்புவோருக்காகப் பிரீமியம் எகானமி வகுப்பை முக்கியப்படுத்தினார்கள். பிசினஸ் வகுப்பு மந்தமாகும் விடுமுறை நாட்களில் இந்த வகுப்பு கைகொடுக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு

இப்போது பென்சிலை எடுப்போம். கீழே வருபவை எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. பாடத்திற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள்.

ஒருமுறை பறக்க எல்லாச் செலவும் சேர்த்து ரூ.2 கோடி. விமானத்தில் உயர் வகுப்பு 65 இருக்கை, ஒன்று ரூ.2,25,000. நடு வகுப்பு 95 இருக்கை, ஒன்று ரூ.90,000. இரண்டிலும் 80 சதவீதம் நிரம்புகிறது. உயர் வகுப்பில் 52 பேர், வரவு ரூ.1 கோடியே 17 லட்சம். நடு வகுப்பில் 76 பேர், வரவு ரூ.68 லட்சத்து 40 ஆயிரம். ஆக மொத்தம் ரூ.1 கோடியே 85 லட்சத்து 40 ஆயிரம். ரூ.14 லட்சத்து 60 ஆயிரம் துண்டு விழுகிறது. வயிற்றுப்பகுதியில் ஏற்றிய சரக்குக்கு ரூ.15 லட்சம் வாடகை வந்தால் ரூ.40 ஆயிரம் மிஞ்சும். சரக்கு இல்லாவிட்டால் நட்டம்.

இதே செலவில், 300 இருக்கையை ஆளுக்கு ரூ.60,000 வீதம் முழுவதும் நிரப்பினாலும் வரவு ரூ.1 கோடியே 80 லட்சம்தான். ஒரு இருக்கைகூடக் காலியில்லை, நட்டம் ரூ.20 லட்சம்.

இன்னும் இரண்டு எண்களைப் பார்ப்போம். முதல் கணக்கில் உயர் வகுப்பில் 52க்குப் பதில் 53 பேர் வந்தால் என்ன ஆகும்? தினம் ஒரு விமானம் போய், ஒரு விமானம் வந்தால் ஆண்டுக்கு 730 பயணம். ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒரே ஒருவர் என்றால் ஆண்டுக்கு ரூ.16 கோடிக்கு மேல் வரவு. அந்த ஒருவருக்காக எரிபொருள் செலவு பெரிதாகக் கூடப் போவதில்லை. மாறாக, ரூ.2 கோடியில் எரிபொருள் ரூ.80 லட்சம் என்று வைத்து, அதன் விலை 20 சதவீதம் ஏறினால், ஒரு பயணத்துக்கு ரூ.16 லட்சம் பறிபோகும். வந்த ரூ.40 ஆயிரம் மிச்சம் எங்கே, போகிற ரூ.16 லட்சம் எங்கே?

நீண்ட தூர வழித்தடம் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

மண்டியும் வயிற்றுச் சரக்கும்

சிங்கப்பூரின் மக்கள் தொகை சுமார் 60 லட்சம்தான். அந்த ஊர்க்காரர்களை மட்டும் நம்பித் தினசரி நியூயார்க் விமானம் விட முடியாது. ஆனால் சிங்கப்பூர் ஒரு மண்டி. சுற்றுப்பட்டு ஊர்களின் விளைச்சல் மண்டியில் வந்து கூடி, அங்கிருந்து தொலைதூரத்திற்கு லாரி ஏறுவதுபோல, ஜகார்த்தா, கோலாலம்பூர், பாங்காக் முதலிய ஊர்களிலிருந்து சிறிய விமானங்களில் வருகிறவர்கள் சாங்கி விமான நிலையத்தில் மாறி நீண்ட தூர விமானத்தில் ஏறுகிறார்கள். ஓர் ஊரிலிருந்து தினம் இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்றாலும் இருபது ஊரிலிருந்து வந்தால் நாற்பது இருக்கை நிரம்பும். வந்து சேரும் நேரமும் புறப்படும் நேரமும் பொருந்தும்படி அட்டவணை போடுவது இதனால்தான். நேரம் ஒரு மணி தவறினாலும் மண்டிக்கு வரும் வரத்து வேறு மண்டிக்குப் போய்விடும். துபாயும் தோஹாவும் இப்படி வளர்ந்த மண்டிகளே.

அடுத்தது சரக்கு. 2020இல் கொரோனாவால் பயணிகள் அடியோடு இல்லாமல் போனபோது, நவம்பர் 9 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவார்க்கிற்குப் பதிலாகக் கென்னடி விமான நிலையத்திற்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. பயணிகளே இல்லாத காலத்தில் எந்தத் துணிவில் தொடங்கினார்கள்? நியூயார்க் வட்டாரத்து மருந்துக் கம்பெனிகள், மின்னணுப் பொருள் நிறுவனங்கள், இணையவழி விற்பனை நிறுவனங்கள் ஆகியோரின் சரக்கை நம்பித்தான். சாதாரண ஏ350-900 விமானத்தைப் பயன்படுத்தினார்கள். இருக்கைகள் காலியாக இருந்ததால் எடை குறைந்தது. அந்த இடத்தில் சரக்கு ஏறியது. முன்பு ஓரத்துச் சில்லறை வரவாக இருந்த சரக்கு வாடகை, அந்த நாட்களில் வழித்தடத்தையே காப்பாற்றியது.

லாரி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ரிட்டன் லோடின் அருமை தெரியும். போகும்போது நிறை, வரும்போது காலி என்றால் வாடகை கட்டுப்படியாகாது. விமானத்துக்கும் அதே விதி.

வண்டியை நிறுத்தி வைத்தால் வட்டி ஏறும்

இப்படிப்பட்ட விமானம் போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டு நாள் ஆகிறது. ஆகவே தினசரிச் சேவைக்குக் குறைந்தது இரண்டு விமானங்களை இந்த ஒரே லைனுக்கு ஒதுக்க வேண்டும். ஒரு பயணத்துக்கு 4 விமானிகள் மாறி மாறி ஓட்ட வேண்டும்; அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த ஊரில் ஓய்வு, தங்கும் அறை, படி எல்லாம் தர வேண்டும். அதே விமானத்தை நான்கைந்து மணி நேரத் தூரத்துக்கு அனுப்பினால் ஒரே நாளில் பல நடை அடிக்கலாம். நீண்ட லைனில் விட்டால் அந்த வருமானத்தை இழக்கிறோம். இந்த இழப்பையும் நீண்ட லைனின் செலவில் எழுதித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதே நிறுவனம் பிராங்க்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க்கிற்கு விமானம் விடுகிறது. வழியில் இறங்குவதால் எரிபொருள் சுமை குறைகிறது. பிராங்க்ஃபர்ட்டில் இறங்குவோரின் இடத்தில் புதியவர்களை ஏற்றி நியூயார்க் வரை விற்கும் உரிமையும் உண்டு. இரண்டு லைனும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. ஒன்று அவசரக்காரருக்கு, மற்றது சிக்கனக்காரருக்கு.

நம் கையில் இல்லாதவை

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் அடியைத் தவிர்க்க முடியாது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2011 முதல் 2013 வரை சராசரி விலை 100 டாலருக்கு மேலேயே நின்றது. நான்கு எஞ்சின் விமானத்தின் கதை முடிந்தது அந்தக் காலத்தில்தான். 2018இல் புதிய சேவை தொடங்கியபோது விலை அதைவிடக் குறைவு. ஆகவே புதிய விமானத்தின் சிக்கனத்தோடு காலமும் சற்றுக் கைகொடுத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் பட்ட அடி வேறு வகை. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான், கொரியா, சீனா செல்ல ஹெல்சிங்கிதான் குறுக்கு வழி என்ற ஒரே பலத்தின் மீது அவர்கள் பல ஆண்டுகளாக வியாபாரத்தைக் கட்டினார்கள். அந்தக் குறுக்கு வழி ரஷ்யாவின் வான்வெளியில் போகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. 9 மணி நேரத்தை ஒட்டி இருந்த டோக்கியோ பயணம் ஏறக்குறைய 13 மணி நேரம் ஆயிற்று. சில வழித்தடங்களைக் கைவிட்டு, விமானங்களை வேறு இடங்களுக்குத் திருப்பி, வேறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் சமாளித்தார்கள். தெருமுனையில் பாலம் கட்டும் வேலை தொடங்கிப் பாதை அடைபட்டதும் வியாபாரம் படுத்துப்போன கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒரே பலத்தை நம்பி நிற்பவருக்கு அந்தப் பலம் போனால் மாற்று என்ன என்ற கேள்வி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

நம் கடைக்கு என்ன பாடம்?

முதலாவது, நிரம்புவது வேறு, மிஞ்சுவது வேறு. ஒரு லைன் வண்டி காலியாகத் திரும்பி வந்தது, சரக்கெல்லாம் விற்றுவிட்டது என்று மகிழ்வதற்கு முன், அந்த நடையின் டீசல், டிரைவர் சம்பளம், படி, வண்டித் தேய்மானம், கடன் நிலுவை, உடைந்த பாட்டில், நனைந்த மூட்டை எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். கடை மொத்தத்துக்கும் ஒரே கணக்கு போதாது. லைனுக்கு ஒரு சிட்டை வேண்டும். ஆறு லைனில் நான்கு சம்பாதிப்பதை இரண்டு தின்றுகொண்டிருக்கலாம். மொத்தக் கணக்கில் அது தெரியாது.

இரண்டாவது, தூரத்துக்கு ஏற்ற சரக்கு. நாற்பது மைல் தள்ளியுள்ள ஊருக்கு இலாபம் குறைந்த உப்பு மூட்டையையும் சர்க்கரையையும் மட்டும் ஏற்றி அனுப்பினால் வண்டி நிரம்பும், கட்டுப்படியாகாது. அதோடு எடை குறைந்து விலை கூடிய ஏலம், மிளகு, முந்திரி, சோப்பு, தேயிலைத் தூள் ஆகியவையும் ஏற வேண்டும்.

மூன்றாவது, வாடிக்கைக்காரரில் யார் எதற்குப் பணம் தருகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குச் சரக்கு வேண்டும் என்று கேட்கும் ஓட்டல்காரருக்கு நேரம்தான் முக்கியம். கிலோவுக்கு ஐம்பது காசு அவருக்குப் பெரிதல்ல. மாதச் சாமான் வாங்கும் குடும்பத்தாருக்கு விலை முக்கியம். நாளை வந்தாலும் பரவாயில்லை. இருவருக்கும் ஒரே விலை, ஒரே சேவை என்றால் இருவரிடமும் இழப்போம்.

நான்காவது, தள்ளுபடி கெட்டுப்போகும் சரக்குக்கு மட்டும். தேதி நெருங்கும் பொருளுக்கு விலை குறைப்பது புத்திசாலித்தனம். நாளையும் அதே விலைக்குப் போகும் பொருளுக்குக் குறைப்பது சொந்தப் பையில் ஓட்டை போடுவது.

ஐந்தாவது, நிறுத்தத் தெரிவதும் வியாபாரமே. சிங்கப்பூர் நிறுவனம் 2013இல் நட்டத்தைக் கௌரவத்துக்காக இழுத்துக்கொண்டு போகவில்லை. "உலகின் மிக நீண்ட விமானம்" என்ற பெயரை இழந்தாலும் பரவாயில்லை என்று நிறுத்தியது. ஏற்ற வண்டி கிடைத்ததும் திரும்பி வந்தது. நம்மில் சிலர் அப்பா காலத்துக் கிளைக் கடை என்பதற்காகவே ஆண்டுதோறும் வட்டிக்கு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதை மூடுவது தோல்வியல்ல. முதல் காப்பாற்றப்பட்டால் நல்ல காலத்தில் மறுபடி திறக்கலாம். முதலே கரைந்துவிட்டால் இருக்கிற கடையும் போய்விடும்.

பயிற்சிக்கு

இந்த மாதம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் லைன்களில் ஒன்றையோ கிளைக் கடையையோ எடுத்துக்கொண்டு, கீழ்க்கண்ட கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.

1. ஒரு நடைக்கு, அல்லது ஒரு நாளுக்கு, எல்லாம் சேர்த்து உண்மையான செலவு எவ்வளவு?

2. அந்தச் செலவு ஈடாக எவ்வளவு விற்க வேண்டும்? எந்தச் சரக்கில் விற்க வேண்டும்?

3. இப்போது வரும் வரவில், ஐந்து பெரிய வாடிக்கைக்காரர்களின் பங்கு எவ்வளவு? அவர்களில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் நிற்குமா?

4. டீசலோ வாடகையோ 20 சதவீதம் ஏறினால் எத்தனை மாதம் தாங்கும்?

5. திரும்பி வரும் வண்டியில் எதையாவது ஏற்றி வர வழி உண்டா?

விடைகள் திருப்தியாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் வண்டியை மாற்ற வேண்டுமா, சரக்கை மாற்ற வேண்டுமா, நேரத்தை மாற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். மூன்றும் முடியாது என்றால் அந்த லைனைச் சில காலம் நிறுத்தி வையுங்கள். தீபாவளிக் கொள்முதலுக்குப் பணம் முடக்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.